அடிக்கும் கையிடமே கையொப்பம் கேட்பதா?

"பொறுத்துப் போ பிள்ளை, ஊர் சிரிக்கும்!"

அடிபட்டுத் தாய்வீட்டுப் படலையடியில் பிள்ளையும் கையுமாக வந்து நிற்கும் பெண்ணுக்கு நம்மவர் இன்றும் சொல்லும் அறிவுரை இதுதான். சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பெற்ற தாய் சொல்கிறாள். உடன்பிறந்த அண்ணன் சொல்கிறான். ஊரில் மதிப்புள்ள பெரியவர் சொல்கிறார். அந்த அறிவுரையின் அடியில் வாய்திறந்து கேட்கப்படாத கேள்வி ஒன்று கிடக்கின்றது. "திரும்பிப் போகாவிட்டால் நீயும் உன் பிள்ளைகளும் எதை உண்பது?" இக்கேள்விக்கு விடை காணாத சமூகம் அவளுக்குப் பொறுமையைப் போதிக்க அருகதையற்றது என்கின்றோம் நாம்.

இது எங்கோ ஒரு மூலையில் நிகழும் விவகாரம் அன்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, இந்நாட்டில் கணவனோடோ துணைவனோடோ வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அவன் கையால் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கின்றார். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு! "படியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்பவளின் காயத்தைத் தைக்கும் வைத்தியர் இதனை அறிவார். வகுப்பில் வாய்திறவாது இருக்கும் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியர் அறிவார். வேலிக்கு அப்பால் எழும் அலறலைக் கேட்டும் தண்ணீர் மாறப் போகும் கமக்காரரும் அறிவார். அறிந்தும் வாளாவிருக்கின்றோம். இதுவே நம் குற்றம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவள் நீதவான் மன்றிலே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பில் பொலிசாரும் கோரலாம். அடித்தவனை வீட்டுக்குள் நுழையாதபடி மன்று தடுக்கலாம். அவசரப் பண உதவி வழங்குமாறும் பணிக்கலாம். நல்ல சட்டந்தான். ஆனால் அந்தக் கட்டளையின் ஆயுள் கூடியது பன்னிரண்டு மாதம். பசியின் ஆயுளோ வாழ்நாள் முழுவதும். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் மாதாந்தப் பணத்துக்கு வழி செய்கின்றது. உழைப்பதைத் தவறணையிலே கொடுத்துவிட்டு வருபவனிடம் அப்பணத்தை அறவிட, நாட்கூலியை இழந்து எத்தனை தவணைக்கு அவள் மன்றின் படியேறுவாள்?

விவாகரத்தோ இன்னும் கடினம். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்குக் குறித்த காரணங்கள் மூன்றே. அவற்றுள் அடித்தல் ஒன்றன்று. அடி தாங்காது வெளியேறியவள், தன்னை வெளியேற வைத்த அவன் செய்கையே கைவிட்டமைக்குச் சமன் என்று நிறுவ வேண்டியவளாகின்றாள்.

இனி நம் சொந்த வீட்டுக் குறையைச் சொல்வோம். பெண்ணைப் பெற்றவர் தோட்டத்தை ஈடு வைத்து, கடல் கடந்து உழைத்து, மகளுக்குக் காணியும் வீடும் நகையும் சீதனமாகக் கொடுக்கின்றனர். நொத்தாரிசு உறுதி முடிக்கின்றார். காணி அவள் பெயரில். சரி, அந்தக் காணியை அவள் விற்கலாமா? ஈடு வைக்கலாமா? குத்தகைக்குக் கொடுக்கலாமா? தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணாயின் முடியாது! 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அசையாச் சொத்தைக் கைமாற்ற மனைவிக்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கின்றது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. அடிக்கும் கையிடமே சென்று, "ஐயா, உமது அடியிலிருந்து நான் தப்புவதற்கு ஓர் ஒப்பம் இடும்" என்று அவள் இரக்க வேண்டும். இதனினும் கொடிய கேலி வேறு உண்டா?

கணவன் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றிலே விண்ணப்பிக்கலாமே என்று சட்டம் கற்றோர் கூறுவர். கூறலாம். வழக்குச் செலவுக்கு வழியிருந்தால் அவள் ஏன் காணியை ஈடு வைக்க நினைக்கின்றாள்? நகையை விற்கச் சம்மதம் வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த நகை எப்போதோ அடைவுகடைக்குப் போயிருக்கும். யாருக்காகப் போயிற்று என்பதை ஊரே அறியும்.

"தேசவழமை நம் முதுசம், அதிலே கை வைக்கலாகாது" என்று சிலர் கொதித்தெழுவர். அவர்களை நாம் கேட்கின்றோம்: 1707இல் ஒல்லாந்தர் ஏட்டில் எழுதுவித்த வழமைகள் 1806இல் ஆங்கிலேயர் ஆட்சியில் சட்ட வலுப் பெற்றன. 1911இல் மாற்றப்பட்டன, 1947இல் மறுபடி திருத்தப்பட்டன. இரு முறை மாற்றியபோது அழியாத முதுசம் மூன்றாம் முறை மாற்றினால் அழிந்துவிடுமா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியேற்றக் காணிகளின் வழியுரிமையில் ஆண்மக்களை முன்னே வைத்திருந்தது. 2022இல் அதனைத் திருத்தினார்கள். வானம் இடிந்து வீழ்ந்ததா? மேடைதோறும் உரிமை உரிமை என்று முழங்கும் நாம், நம் மகளின் காணிக்கு அவளே உரியவள் என்று சொல்ல ஏன் நாக்கூசுகின்றோம்?

காணி இல்லாதவள் நிலை என்ன? அவளுக்குச் சமூக சேவையின் பெயரால் நாம் கொடுப்பது ஒரு தையல் இயந்திரம், நாலு கோழி, ஒரு புகைப்படம். தைத்ததை வாங்க ஆளில்லாத ஊரில் பத்து இயந்திரம் கொடுத்தால் பத்து இயந்திரமும் துருப்பிடிக்கும். பின்னர் அவள் வாசலுக்கு வருகின்றது நுண்கடன். கடனைக் கொண்டு பழைய கடனை அடைத்து, வாரந்தோறும் தவணை கேட்டு வருபவனுக்கு ஒளிந்து திரிந்த பெண்களின் துயரம் எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வறட்சி தாக்கிய மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தீர்க்க 2018இல் அரசே முன்வர நேர்ந்தது. கணவனுக்கு அஞ்சியவளைக் கடன்காரனுக்கு அஞ்ச வைப்பது விடுதலையாகுமா?

உண்மையான சமூகப் பணி எது? அடிபட்டவள் வீட்டை விட்டு வரும்போது அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் அவன் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றை மீட்டுக் கொடுப்பது முதற்பணி. அவள் பெயரில், அவள் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கைத் திறப்பது இரண்டாவது. வேலைக்குப் போகும் வேளையில் பிள்ளையைப் பார்க்க இடமும் ஆளும் தேடுவது மூன்றாவது. சந்தையை முதலில் அறிந்து, பின்னர் தொழிலைக் கற்பிப்பது நான்காவது. கொடுத்துவிட்டுப் போகாமல், முதல் வருமானம் வந்து நிலைக்கும் வரை மாதந்தோறும் சென்று பார்ப்பது ஐந்தாவது. 1987இல் தொடங்கிய விமன் இன் நீட் போன்ற அமைப்புக்களும், மட்டக்களப்பிலே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும் பாதிக்கப்பட்ட பெண்களோடு நின்று உழைத்து வருகின்றன. 1938 என்ற அரசின் உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆனால் ஊர் முழுவதும் செய்ய வேண்டியதை விரல்விட்டு எண்ணத்தக்க அமைப்புக்களின் தலையில் சுமத்திவிட்டு நாம் உறங்கலாமா?

கற்றோரே, சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு நாளை இப்பெண்களின் வழக்குக்கென ஒதுக்கக் கூடாதா? வைத்தியர்கள் காயத்தின் உண்மையை ஏட்டில் எழுதக் கூடாதா? சீதன உறுதி முடிக்கும் நொத்தாரிசுகள், கணவனின் ஒப்பம் இன்றி அக்காணியில் அவள் எதுவும் செய்ய இயலாது என்பதை மணமகளின் காதில் விழும்படி உரக்கச் சொல்லக் கூடாதா?

கமக்காரப் பெருமக்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. வெங்காயம் கிண்டவும் மிளகாய் பிடுங்கவும் புல்லுப் பிடுங்கவும் வருபவர் யார்? பெண்கள். அவர்களுக்கு ஆணின் கூலியிலும் குறைத்துக் கொடுப்பது எந்த நியாயம்? பெண்ணின் கையால் பிடுங்கிய வெங்காயத்தைச் சந்தையிலே குறைந்த விலைக்கா விற்கின்றீர்கள்? வேலைக்கேற்ற கூலியை முழுதாக அவள் கையிலே கொடுங்கள். அவள் கணவன் வந்து கேட்டால் கொடாதீர்கள். ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களும் கணவனின் ஒப்பத்தையும் பிணையையும் தேடாது, அவள் உழைப்பையே பிணையாகக் கொண்டு நியாயமான வட்டியில் கடன் கொடுக்கட்டும்.

நாம் கேட்பவை மூன்று. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் சம்மதத் தளை அறுக்கப்பட வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி தோட்டத்திலே வர வேண்டும். தாய்வீட்டுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பும் நாவுகள் அடங்க வேண்டும். முதலாவதைச் செய்விக்கப் பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் இருக்கின்றார்கள்; அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது இதனைக் கேளுங்கள். ஏனைய இரண்டுக்கும் சட்டமும் வேண்டாம், கொழும்பும் வேண்டாம். அவை நம் கையில் இருக்கின்றன.

அடிபட்டவள் அடுத்த முறை படலையைத் தட்டும்போது, "பொறுத்துப் போ" என்று சொல்லாதீர்கள். "உள்ளே வா; உழைத்து வாழ வழி செய்வோம்" என்று சொல்லுங்கள். ஊர் சிரிக்கட்டும். அவள் பிள்ளைகளோடு உயிருடன் இருப்பாள்.