எழுதும் நேரத்தைச் சுருக்குங்கள்

எஸ்க்யூலைட் தரவுத்தளம் பிறந்ததே ஒரு ஸ்கிரிப்ட் மொழியின் துணையாகத்தான். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் அதை டிசிஎல் மொழிக்கான நீட்சியாக எழுதினார். 2004இல் பிஎச்பி 5, 2006இல் பைத்தான் 2.5 இரண்டும் அதைத் தம்மோடு சேர்த்தே வழங்கின. இருந்தும், இணையச் செயலி என்றதும் 'அது சோதனைக்குத்தான், நிஜத் தளத்துக்கு மைஎஸ்க்யூஎல் போடு' என்கிற பேச்சு நம்மிடையே ஓயவில்லை.

இந்தப் பேச்சுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே பிழைச் செய்தி: 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு'. எஸ்க்யூலைட்டின் தரவுக் கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது உண்மை. ஆனால் ஒரு வரிசையைச் சேர்த்து முடிக்கச் சில மில்லி விநாடிகள் போதும். அதை விநாடிக் கணக்கில் இழுப்பது நாம்தான். பரிவர்த்தனையைத் திறந்து, ஒரு வரிசையைச் சேர்த்து, நடுவிலேயே மின்னஞ்சல் அனுப்பி, பணம் செலுத்தும் சேவையின் பதிலுக்காகவும் காத்திருந்து, பிறகு கமிட் செய்யும் நிரல்களை எத்தனையோ பார்க்கிறோம். அதே நிரலைப் பெரிய தரவுத்தளத்துக்கு மாற்றினால் பிழைச் செய்தி மறையலாம், பரிவர்த்தனை நீண்டுகொண்டேதான் இருக்கும்.

2010இல் 3.7.0 பதிப்போடு வந்த 'வால்' (ரைட்-அஹெட் லாக்) முறையில் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுப்பதில்லை. ஒருமுறை அமைத்தால் கோப்பிலேயே நிலைத்துவிடும். பூட்டு விடுபடக் காத்திருக்கும் நேரம் அப்படியல்ல, அது ஒவ்வொரு இணைப்புக்கும் உரியது. பைத்தான் தானாக 5 விநாடி வைக்கிறது, மூல நூலகத்திலோ அது பூஜ்யம். இன்னொரு நுணுக்கமும் உண்டு: முதலில் படித்துவிட்டு அதே பரிவர்த்தனையில் எழுதப் போகும்போது, இடையில் வேறொருவர் எழுதியிருந்தால் காத்திருப்பு நேரம் எவ்வளவு இருந்தாலும் உடனே பிழைதான். எழுதப்போவது தெரிந்தால் 'பிகின் இமீடியட்' என்றே தொடங்குங்கள்.

வினவல்களைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற பழக்கத்தையும் இங்கே தளர்த்தலாம். நடுவில் நெட்வொர்க் இல்லை, ஒவ்வொரு வினவலும் வெறும் செயற்கூறு அழைப்பு. எஸ்க்யூலைட்டின் சொந்தத் தளமே ஒரு டைனமிக் பக்கத்துக்குச் சுமார் 200 வினவல்களை ஓட்டுகிறது. நான்கு அட்டவணைகளை முடிச்சுப் போட்டு ஒரே வினவலாக்குவதைவிட, படிக்கத் தெளிவான நான்கு சிறு வினவல்கள் பல நேரங்களில் மேல்.

பல வெப் சர்வர்கள் ஒரே தரவில் எழுத வேண்டுமா, கோப்பு நெட்வொர்க் வட்டில் இருக்க வேண்டுமா? தயங்காமல் போஸ்ட்கிரஸுக்குப் போங்கள். மற்றவர்கள் கோப்பை வெப் சர்வரின் பொதுக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். உள்ளே இருந்தால் முகவரி தெரிந்த எவரும் முழுத் தரவையும் இறக்கிக்கொள்வார்கள். அயல்விசைச் சோதனை இயல்பில் அணைந்திருக்கும், இணைப்புதோறும் இயக்குங்கள். காப்புநகலுக்கு ஓடும் கோப்பை அப்படியே நகலெடுக்காமல் 'வேக்யூம் இன்டு' கட்டளையைப் பயன்படுத்துங்கள்.