ஊட்டியைத் தொட்டியில் வைக்க முடியுமா?

நியூசிலாந்து கிரிக்கெட் டீமின் சட்டையில் ஓர் இலை இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அது 'வெள்ளிப் பெரணி' என்ற மரத்தின் இலை. ஆமாம், மரம்! நம் கிணற்றுச் சுவரில் முளைக்கிற பெரணிச் செடிக்குப் பெரியப்பா பிள்ளை. பத்து மீட்டர் வரை வளரும். இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

இதன் பங்காளிகள் நம் பக்கமும் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஓடைக்கரை நிழலில் குடை விரித்து நிற்கும். 1848-ல் ஆரம்பித்த ஊட்டி தாவரவியல் பூங்காவில் பெரணிகளுக்கென்றே தனி வீடு இருக்கிறது. ஹனிமூன் போனவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்கள் கவனம் வேறு.

ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் கவனித்துவிட்டார். வங்கி வேலை, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "கொல்லையில ஒரு மரப்பெரணி வெச்சுடணும் சார். பொண்ணாத்துக்காரா வந்தா அசந்துடணும்!" என்கிறார்.

நான் பி.காம். செடி என்றாலும் வரவு செலவு போட்டுப் பார்க்காமல் கை நீளாது.

முதல் செலவு, வெயில். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே ஜில்லென்று உட்கார்ந்திருக்கிறது. திருச்சி நூறு மீட்டர்கூட இல்லை. மே மாதம் வெயில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தொடும். 'ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், ஈரக் காற்றுக்கு என்ன பஞ்சம்?' என்று கேட்கலாம். மே மாதம் பாலத்தில் நின்று எட்டிப் பாருங்கள். பெரும்பாலான வருஷங்களில் மணல்தான் தெரியும்.

இரண்டாவது, தண்ணீர். மரப்பெரணியின் தண்டைச் சுற்றி வேர்கள் பின்னிப் பின்னிச் சட்டை போட்டிருக்கும். எனவே காலில் ஊற்றினால் போதாது, தலைக்கு ஊற்றணும். கோடையில் இரண்டு வேளை. நாலு நாள் வெளியூர் போனால் பக்கத்து வீட்டு மாமியின் காலில் விழணும்.

மூன்றாவது, காலம். இதற்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. இலைக்கு அடியில் பழுப்புப் பொட்டு பொட்டாக இருக்குமே, அதிலிருந்து உதிரும் தூள்தான் முளைக்கணும். ஆஸ்திரேலியாவில் தோட்டங்களில் வளர்க்கிற ஒரு வகை, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் உயரும். அது ஆளுயரம் வருவதற்குள் நண்பரின் ஹவுசிங் லோனே அடைந்துவிடும்.

இங்கேதான் வில்லங்கம். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி தோன்றும்: மலையில் வளர்ந்து நிற்கிற மரத்தையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டால்? ஆர்க்கிட் வளர்க்க வேர்ச்சட்டையோடு தண்டை வெட்டி வெட்டியே உலகில் பல இடங்களில் இவை குறைந்துபோயின. சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் இவற்றைச் சேர்த்து, நாடு விட்டு நாடு அனுப்பப் பர்மிட் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நம் காப்புக்காட்டில் கை வைத்தால் வனத்துறை கேஸ் போடும். அதற்குத் தப்பினாலும், பல வருஷம் ஓடைக்கரையில் நின்ற மரம் நம் கொல்லையில் ஒரு அக்னி நட்சத்திரத்தைத் தாண்டுவது சந்தேகம். லாபம் நமக்கு நாலு மாச ஜம்பம். நஷ்டத்தை எழுத வேண்டியது மலையின் கணக்கில்.

பொண்ணாத்துக்காரர்கள் அசந்தால் போதும் என்றால் நர்சரியில் சைக்கஸ் வாங்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் அசப்பில் மரப்பெரணிதான். பெரணி இல்லை என்பது அதன் விதையைப் பார்த்தால் தெரியும். திருச்சி வெயிலுக்கு அசராது.

நிஜமாகவே பெரணிதான் வேண்டும் என்றால், மலையேற வேண்டாம். வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு என்று ஈரமாக இருக்கிற இடத்தில் குனிந்து பாருங்கள். காம்புக்கு நாலு இலையாக ஆரைக்கீரை நிற்கும். பூவும் விதையும் இல்லாத அதே பரம்பரை. ஆமாம், அதுவும் பெரணிதான்!

நியூசிலாந்துக்காரர்கள் பெரணியைச் சட்டையில் போட்டுக்கொள்கிறார்கள். நாம் கடைந்து சாதத்தில் போட்டுக்கொள்கிறோம்.