அச்சேற வேண்டிய முகங்கள்

சிவகாசியில் அச்சாகாத படம் உண்டோ? தெய்வங்களும் திரை நட்சத்திரங்களும் கொழுகொழு குழந்தைகளும் காலண்டர்களாகி நாடெங்கும் செல்கின்றன. ஆயினும் அப்படங்களில் நம் இல்லங்களைக் கண்டதுண்டா? திண்ணையில் அமர்ந்து வெடிக்குக் குழாய் சுருட்டும் பாட்டியும், வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டும் அம்மாவும் அங்கே இல்லை. அங்குள்ள பெண்களெல்லாம் ரோஜா நிறத்தவர். நம்மில் பலரோ கறுப்பு. 'நம் முகம் படத்துக்கு ஆகாது' என்னும் எண்ணம் இப்படித்தான் வேரூன்றுகிறது.

இதை மாற்றவல்ல கலை ஒன்று உண்டு. அதுவே செதுக்கு அச்சு. மரப்பலகையிலோ லினோலியத்திலோ உளி செதுக்கிய இடம் வெண்மையாகும். உளி படாத இடம் மையேற்றுக் கறுப்பாய் நிற்கும். இங்கே கறுப்பு குறையன்று. படமே அதனால்தான் உருவாகிறது.

அமெரிக்காவில் 1915-இல் பிறந்த எலிசபெத் கேட்லெட், அடிமைகளாயிருந்தவர்களின் பேத்தி. 1946-இல் மெக்சிகோ சென்ற அவர், கறுப்பினப் பெண்களின் வாழ்வை 15 லினோலியப் படங்களாகச் செதுக்கினார். 1952-இல் அவர் செதுக்கிய குத்தகை உழவுப் பெண்ணின் மேலாடையைப் பூட்டியிருப்பது ஓர் ஊக்கு. ஆனால் அந்த முகத்தில் கெஞ்சுதல் இல்லை, நிமிர்வே உண்டு. அதே 1915-இல் வங்கத்தில் பிறந்த சித்தப்பிரசாத், 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை வரைந்தார். பின்னர், உழைக்கும் சிறுவர்களை லினோலியத்தில் செதுக்கினார். சிவகாசிச் சிறுவர் உழைப்பைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்பளித்தது என்பதை அறிந்த நமக்கு, அப்படங்கள் அந்நியமாகா.

'வீட்டு வறுமையைச் சந்திக்குக் கொண்டுவருவதா?' எனப் பெற்றோர் கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆனால் வெடிவிபத்து நாளில் நம் இல்லங்கள் செய்தித்தாளில் வந்துவிடுகின்றனவே! அழுகை மட்டுமே அங்கு படமாகிறது. மகள் செதுக்கினால், தங்கைக்குத் தலைவாரும் அம்மாவும், பேரனுக்குக் கதை சொல்லும் தாத்தாவும் சேர்ந்தே வருவார்கள். அது இரக்கம் தேடும் படமாகாது. உறவைச் சொல்லும் படமாகும்.

ஆகவே, ஓவிய வகுப்பில் இக்கலைக்கு இடமளிக்குமாறு அருட்சகோதரியரை வேண்டுகிறோம். ஒரு துண்டு லினோலியமும், ஓர் உளியும், கொஞ்சம் மையும் போதும். காகிதத்துக்கா நம் ஊரில் பஞ்சம்? தோழியரே, ஊர் ஊராய் முகங்களை அச்சிட்டு அனுப்புகிறோம். நம் அன்னையரின் முகமும் ஒருமுறை அச்சேறட்டும்!