பசியில்லை என்று யார் சொன்னது?

அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தவர் அங்கத்திச் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், பதில் தயாராக இருக்கும். "உயிரைக் காப்பாத்தி அனுப்பியிருக்கான், இவருக்கு ரசஞ்சாதம் கேக்குதாம்!" சொல்வது பெரும்பாலும் நாம் பெற்ற பிள்ளைகள்தான். கிழத்துக்கு நாக்கு நீளம் என்று நினைப்பு. நான் சொல்கிறேன், சாப்பாடும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அதில் குறை வைத்தால் வைத்தியத்தில் குறை வைத்ததாகத்தான் அர்த்தம்.

மகள் வீட்டுக்குப் போன இடத்தில் எனக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டாக்டர்கள் மேலும் நர்ஸுகள் மேலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் சைவம் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்தும், முதல் நாள் வந்தது கோழி சூப், ஜெல்லோ, ஆப்பிள் ஜூஸ், ஐஸ் மிதக்கும் தண்ணீர். ஜெல்லோவில் இருக்கும் ஜெலட்டின், மாடு பன்றிகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. ஆக, மிஞ்சியது ஜூஸும் ஐஸும். மறுநாள் சைவம் என்று சீட்டு ஒட்டிய தட்டில் முட்டைப் பொரியல்! அவர்கள் அகராதியில் முட்டை சைவம். தட்டு வந்தது போலவே திரும்பிப் போயிற்று.

கொடுமை அதுவல்ல. நோயாளி தட்டில் எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒவ்வொரு வேளையும் கம்ப்யூட்டரில் பதிவார்கள். என் பெயருக்கு நேரே ஏறியது 'பசி குறைவு'. எனக்கா பசியில்லை? வயிறு காந்திக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த குறை, என் உடம்பின் குறையாகப் பதிவாகிவிட்டது.

இது சின்ன விஷயமா? இந்த வயதில் நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் தொடைச் சதை கரைகிறது, எழுந்து நடக்கக் கால் தள்ளாடுகிறது. புரதம் இல்லாமல் தையல் போட்ட இடம் ஆறத் தாமதமாகிறது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களில் பாதிப்பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய செவிலியர் நூலில் நோயாளியின் உணவுக்கு மட்டும் இரண்டு அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார். கிரிமியப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சமைக்கும் முறையைத் திருத்த, அலெக்சிஸ் சோயர் என்ற பேர்பெற்ற சமையல்காரரே 1855-ல் ஸ்குடாரிக்குப் போனார்.

"இத்தனை பேருக்கும் தனித்தனியாகச் சமைக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியூயார்க் நகர அரசு மருத்துவமனைகளில் 2022 முதல் மதியமும் இரவும் காய்கறி, பருப்பு, தானிய உணவைத்தான் முதலில் தருகிறார்கள். இறைச்சி வேண்டுபவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதினோரு மருத்துவமனைகளில் முடிவது மற்ற இடங்களில் ஏன் முடியாது? முடியாது என்பதெல்லாம் மனமில்லை என்பதற்கு இன்னொரு பெயர்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது இது. வெறுமனே 'வெஜிடேரியன்' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். முட்டை, மீன், கோழி சூப், ஜெலட்டின் எதுவும் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனைகள் அதை இலவசமாகத் தரவேண்டும் என்பது அங்கே சட்டம். டயட்டீஷியனை வரச்சொல்லுங்கள். வீட்டிலிருந்து குழைந்த சாதம் கொண்டுவரலாமா என்று நர்ஸிடம் நேராகக் கேளுங்கள். திருட்டுத்தனமாகப் பையில் மறைத்துக் கொண்டுபோவது ஆபரேஷன் ஆன வயிற்றுக்கு ஆபத்து.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின் தட்டு நிறைந்தபடியே திரும்பினால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நர்ஸைக் கூப்பிட்டு அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். அவருக்குப் பசிக்கிறது.