சன்னல் வழியே வந்த அலமாரி

புதிய வீட்டிற்குக் குடிபெயர்வோர் வாடகையை விசாரிப்பார்கள். தண்ணீர் வசதியை விசாரிப்பார்கள். பள்ளிவாசல் எவ்வளவு தொலைவு என்றும் கேட்பார்கள். மாடிப்படி வளையும் இடத்தின் அகலத்தை மட்டும் எவரும் அளந்து பார்ப்பதில்லை. நானும் அளக்கவில்லை.

ஊரில் தனித்திருந்த உம்மா அவர்களை எங்களுடன் வந்து தங்கும்படி இரண்டாண்டுகள் மன்றாடினோம். இறுதியில் இசைந்தார்கள், ஒரு நிபந்தனையுடன். அவர்களுடைய நிக்காஹ்வின்போது தகப்பனார் செய்து கொடுத்த தேக்கு அலமாரியும் உடன் வரவேண்டும். உயரம் ஆறரை அடி, அகலம் நான்கடி, ஆழம் இரண்டடி. மரத்தோடு மரத்தைக் கோத்து இறுக்கிய பழைய வேலைப்பாடு, பிரித்தெடுக்க வழியில்லை. லாரியிலிருந்து இறங்கிய அது, முதல் மாடிக்குச் செல்லும் படிக்கட்டின் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், சுவர்ப்பூச்சு பெயர்ந்ததே மிச்சம். கீழே நாற்காலியில் அமர்ந்திருந்த உம்மா, "அது ஏறாட்டி நானும் ஏறலை வாப்பா, ஊருக்கே போயிடுறேன்" என்றார்கள். விளையாட்டாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அழைத்து வந்த முதிய ஆசாரி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சன்னலைக் கழற்றுங்கள்" என்றார். முன்னறைச் சன்னலுக்கு நேர் கீழே போர்ட்டிகோவின் மேல்தளம் இருந்தது. அலமாரியை அதுவரை ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதைப் புதுமையான யோசனை என எண்ணவேண்டாம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், கால்வாய்க் கரையோரப் பழைய வீடுகளின் படிக்கட்டுகள் ஏணியைப் போல் செங்குத்தானவை, குறுகலானவை. ஆகவே வீட்டின் உச்சியில் கொக்கியுடன் ஓர் உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும். கயிறும் கப்பியும் கொண்டு பொருள்களை மேலேற்றிச் சன்னல் வழியே உள்ளே இழுத்துக்கொள்வது அங்கே நூற்றாண்டுகளாக உள்ள வழக்கம்.

எங்கள் சன்னல் ஐந்தடி அகலம், நாலரை அடி உயரம்; இரண்டு கண்ணாடிக் கதவுகள் அலுமினியச் சட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் வகை. அதை எவ்வளவு திறந்தாலும் பாதி வழிதான் கிடைக்கும். இரு கதவுகளையும் எடுத்துவிட்டால் முழு வழியும் கிடைக்கும். கிரில் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது எங்கள் நற்பேறு. சுவருக்குள் பதித்த கிரில்லாக இருந்திருந்தால் இந்த யோசனையே எடுபட்டிராது.

கதவைக் கழற்றும் சூட்சுமம் எளியது. மேல் சட்டத்தின் பள்ளம் கீழ்ப் பள்ளத்தைவிட ஆழமாயிருக்கும். கதவை நேராக மேலே தூக்கினால் கீழ்ச்சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகும். அப்போது அடிப்பகுதியை அறைக்குள் இழுத்துக் கீழிறக்கிவிடலாம். உட்பக்கக் கதவே முதலில் வரவேண்டும். சில சன்னல்களில் திருடர் தூக்காதிருக்க மேற்பள்ளத்தில் சிறு கட்டை வைத்துத் திருகியிருப்பார்கள். அதை முன்னதாக நீக்கவேண்டும். 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ எடை உள்ளது. எனவே இருவர் பிடிப்பதே முறை. கழற்றிய கதவைத் தரையில் படுக்க வைக்காமல், பழைய போர்வையின்மேல் செங்குத்தாகச் சுவரில் சாய்த்தார் ஆசாரி. திறந்து கிடந்த சன்னலருகே பிள்ளைகள் நெருங்காதபடி என் மனைவி காவல் நின்றாள்.

தட்டுகளையெல்லாம் உருவிய வெற்று அலமாரியைக் கீழே நால்வர் ஏந்த, மேலே மூவர் கயிற்றால் இழுக்க, அது போர்ட்டிகோ ஏறியது. பிறகு மல்லாந்தபடி சன்னலுக்குள் நுழைந்தது. இருபக்கமும் கையளவு இடம் மிஞ்சியது.

அவசரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். எந்தக் கதவு உள், எது வெளி என்று குறித்து வைக்கவில்லை. மாற்றி மாட்டியதால் கொண்டி பொருந்தவில்லை. இஷாவுக்குப் பின் மீண்டும் கழற்றி, வெளிக்கதவை முதலிலும் உட்கதவை அடுத்தும் பொருத்தினோம்.

உம்மா தம் புடவைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். பிறகு சன்னலைப் பார்த்து, "என் காலத்துக்குப் பிறகு இதை யாருக்காவது கொடுக்கணும்னா, இந்த வழியாத்தானே இறக்கணும்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. சன்னலின் அளவுகளை எழுதிய தாளை மட்டும் அலமாரியின் கீழ் இழுப்பறையில் வைத்தேன்.