முதல் படத்துக்கு வசனம் வேண்டாம்

தரமணியில் இருந்தாலும் பலர் இன்னமும் அடையாறு இன்ஸ்டிடியூட் என்றே சொல்லும் அரசுத் திரைப்படக் கல்லூரி முதல் கலைக் கல்லூரிகளின் விஸ்காம் வகுப்புகள் வரை, சென்னையில் ஆண்டுதோறும் குறும்படங்கள் குவிகின்றன. அவற்றில் பலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே பார்த்துவிடலாம். நண்பர்கள் இருவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் பேசியே தீர்ப்பார்கள். கேமரா ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவிக்கொண்டிருக்கும். வசனம் கைகொடுக்கும்வரை, கேமராவை எங்கே வைப்பது, ஏன் அங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே மாணவருக்கு வருவதில்லை. ஆகவே, முதல் பயிற்சிப் படத்தை வசனமில்லாமல்தான் எடுக்க வேண்டும் என்று பயிற்சி நிறுவனங்கள் விதி செய்யலாம்.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் உள்ள ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. அந்தச் சட்டம் தேவைப்படும் அளவுக்கு நாளெல்லாம் நின்றவர்களின் நிலையைப் படமாக்க நினைக்கும் மாணவர் முதலில் எழுதும் வரி, "காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்டி, கால் கடுக்குது" என்பதாகவே இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டால் அவர் கடைக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். மேசைக்கு மேலே புடவையை விரித்துக் காட்டும் கைகள், சிரித்த முகம். மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தை மற்றதன் மேல் வைத்து மாற்றி மாற்றி நிற்கும் கால்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரும்போது, கால் தானாகச் செருப்பைத் தேடி நுழைகிறது. வலி, பயம், வேலையின் விதி மூன்றும் இரண்டு ஷாட்டில் வந்துவிடுகின்றன. வசனம் எழுதியிருந்தால் வலி மட்டும்தான் வந்திருக்கும்.

தமிழ் சினிமா வசனத்தால் வளர்ந்தது, நம் ரசிகர் காதால் படம் பார்ப்பவர் என்பது வழக்கமான மறுப்பு. 1952-இல் வந்த ‘பராசக்தி’யை நினைத்தால் இதில் உண்மை இருக்கிறது, அந்த நீதிமன்றக் காட்சியை ஊமையாக்கினால் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வசனம் தகவல் சொல்ல எழுதப்பட்டதல்ல, அதுவே காட்சியின் செயல். மாணவர் படங்களின் வசனமோ தகவல் பலகை. இன்னொரு சாட்சி மகேந்திரன். ‘தங்கப்பதக்கம்’ (1974) வசனத்தால் பெயர் வாங்கியவர், இயக்குநராகி ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’ (1979) எடுத்தபோது பேச்சைச் சுருக்கிக்கொண்டார். வசனத்தின் பலம் தெரிந்தவர் அதைக் கட்டுப்படுத்தியதை ரசிகர்களும் ஏற்றார்கள்.

வசனத்தை எடுத்துவிட்டால் மாணவர்கள் வேறு ஊன்றுகோலைத் தேடுவார்கள் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. தேடவும் செய்கிறார்கள். வாட்ஸ்அப் செய்தி குளோசப், மேசைமேல் கடிதம், எல்லாவற்றுக்கும் மேல் விடாமல் அழும் வயலின். பலூன் விற்கும் சிறுவனும் முதியோர் இல்லத்துப் பாட்டியும் இந்த வயலினிடம் படும் பாடு கொஞ்சமல்ல! எழுத்தும் ஒருவகை வசனம்தான். பின்னணி இசையும் பல நேரம் அப்படியே. அவற்றையும் விலக்கிவிட்டு, சூழலின் ஒலியை மட்டும் விட்டுவைக்கலாம். அது எவ்வளவு பேசும் என்பதற்கு, சிங்கீதம் சீனிவாச ராவின் வசனமில்லாத ‘பேசும் படம்’ (1987) இருக்கிறது. தியேட்டர் இரைச்சலுக்கு நடுவே லாட்ஜில் தூங்கிப் பழகிய கமல்ஹாசனுக்கு, நட்சத்திர ஓட்டலின் அமைதியில் தூக்கம் வராது. தியேட்டர் சத்தத்தை டேப்பில் பதிந்துவந்து ஓடவிட்ட பிறகே கண் அயர்வார். ஏழ்மை எவ்வளவு ஆழமாகப் பழகிப்போயிருக்கிறது என்பதைச் சிரிக்கவைத்தே சொல்லிவிடுகிறது அந்தக் காட்சி. அனுபவம் முதிர்ந்த இயக்குநரால் முடிந்தது மாணவரால் முடியுமா என்று கேட்கலாம். முழுநீளப் படத்தை யாரும் கேட்கவில்லை. மூன்று நிமிடம் போதும். மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு பூக்கடை போதும்.

துறைத் தலைவர்கள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். கதைச் சுருக்கம் கொடுக்காமல், படக்குழுவுக்குச் சம்பந்தமில்லாத பத்துப் பேருக்குப் படத்தைப் போட்டுக்காட்டி, என்ன புரிந்தது என்று எழுதி வாங்குங்கள். மதிப்பெண்ணை அந்தத் தாள்களைப் பார்த்துப் போடுங்கள்.