செத்தவள் செத்தவளாகவே இருக்கட்டும்

என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து நண்பர் ஒருவர் சிரித்தார். "இந்த வயதில் படக்கதையா?" என்றார். அது போகட்டும். படக்கதை என்றாலே குழந்தைகளுக்கு என்று நினைப்பவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. அடுத்து அவர் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. "கடைசியில் அந்தப் பெண் செத்துப்போகிறாளே என்று நீர் கண் கலங்க வேண்டாம். ஆறு வருஷம் கழித்து உயிரோடு திரும்பி வந்துவிடுகிறாள்" என்றார்.

புத்தகத்தின் பெயர் 'டார்க் ஃபீனிக்ஸ் சாகா'. அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தாரின் 'எக்ஸ்-மென்' மாதப் பத்திரிகையில், 129-ஆம் இதழ் முதல் 137-ஆம் இதழ் வரை, 1980-ல் வெளிவந்த தொடர்கதையின் தொகுப்பு. எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட். படம் வரைந்து, கதைப் போக்கிலும் பங்கு கொண்டவர் ஜான் பைர்ன்.

பிறவியிலேயே விபரீத சக்திகள் வாய்த்த சிலரைச் சேவியர் என்ற பேராசிரியர் ஒரு குழுவாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அவர்களில் ஒருத்தி ஜீன் கிரே. அவளிடம் வந்து சேர்ந்த ஃபீனிக்ஸ் என்ற மகா சக்தி, ஒரு வஞ்சகன் அவள் மனத்தைக் கலைத்த பிறகு, அவளையே விழுங்கிவிடுகிறது. பசி எடுத்து அவள் ஒரு நட்சத்திரத்தை உண்கிறாள். அதைச் சுற்றிவந்த கிரகம் ஒன்றில் 500 கோடி ஜீவன்கள் சாம்பலாகின்றன. ஷியார் என்ற வான சாம்ராஜ்யம் அவளுக்கு மரண தண்டனை விதிக்கிறது. தோழர்கள் அவளுக்காகச் சந்திரனில் போரிட்டுத் தோற்கிறார்கள். சக்தி மறுபடி தலையெடுப்பதை உணர்ந்ததும், காதலன் ஸ்காட் பார்த்திருக்கவே, அவள் தன்னை அழித்துக்கொள்கிறாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. கிளேர்மான்டுக்கு வாய் அதிகம். படமே சொல்லிவிட்டதைப் பெட்டி கட்டி மறுபடி சொல்லுவார். புது வாசகன் எந்த மாதமும் வரக்கூடும் என்பதற்காக, அடிபட்டு விழுகிறவன்கூடத் தன் சக்தி இன்னது என்று விளக்கிக்கொண்டே விழுகிறான். மாதாமாதம் படித்தவர்களுக்கு இது உறுத்தியிராது. ஒன்பது இதழையும் ஒரே மூச்சில் படிக்கிறவனுக்கு எரிச்சல்தான். தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் என்பதால் நான் கொஞ்சம் மன்னித்துவிடுகிறேன். 'சென்ற வாரம் நடந்தது' எழுதாத கை எது?

ஆனால் போருக்கு முந்தைய இரவைப் பாருங்கள். விடிந்தால் அவளுக்காக உயிரைப் பணயம் வைக்கப் போகிறவர்கள், தனித்தனியே உட்கார்ந்து, அவளுக்காகப் போராடுவது நியாயம்தானா என்று யோசிக்கிறார்கள். குழுக் கதைகளில் வழக்கமாக ஆளுக்கு ஒரு குத்து, ஆளுக்கு ஒரு வசனம் என்று பங்கு பிரித்துவிடுவார்கள். இங்கே ஆளுக்கு ஒரு மனச்சாட்சி கிடைத்திருக்கிறது. எத்தனையோ 'இலக்கிய' நாவல்களில் நான் தேடிக் காணாத பக்கங்கள் இவை.

இன்னொரு விஷயம். முதலில் எழுதி வரைந்த முடிவு இதுவல்ல. சக்தியைப் பிடுங்கிக்கொண்டு ஜீனை உயிரோடு விட்டுவிடுவதாகத்தான் இருவரும் முடித்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்பவில்லை. அத்தனை கோடிப் பேரைக் கொன்றவள் தண்டனையில்லாமல் வீடு திரும்புவதா என்று கேட்டார். கடைசிப் பக்கங்கள் மாறின. பழைய முடிவும் 1984-ல் தனியாக அச்சாயிற்று; இரண்டையும் படித்துவிட்டுச் சொல்கிறேன், ஆசிரியர் பக்கம்தான் நியாயம். சக எழுத்தாளர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஒரு பத்திரிகை ஆசிரியரின் வற்புறுத்தலுக்காக, சாகவேண்டிய ஒரு பெண்ணை நானும் ஒருமுறை பிழைக்க வைத்தேன். வாசகர் கடிதங்கள் குவிகின்றன என்றார். குவிந்தது உண்மைதான். அந்த நாவலை இன்றுவரை திருப்பிப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் நண்பர் சொன்ன சமாசாரத்துக்கு வருகிறேன். பழைய குழுவின் முதல் ஐவரையும் வைத்து 'எக்ஸ்-ஃபாக்டர்' என்று புதுப் பத்திரிகை தொடங்க ஆசைப்பட்டார்கள். ஐவரில் ஒருத்தி செத்திருந்தாள். அதனால் என்ன? 1986-ஆம் வருஷத்து இதழ்களில் ஒரு சமாதானம் வந்தது. செத்தவள் ஜீனே அல்ல. ஃபீனிக்ஸ் சக்தி அவளுடைய உருவெடுத்து வந்ததாம். நிஜ ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடா அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாளாம்! அப்போதும் தலைமை ஆசிரியர் ஷூட்டர்தான்.

சாவு பொய்யாகிவிட்டது என்பதல்ல என் கோபம். கொலையும் பொய்யாகிவிட்டது. அவள் யாரையும் கொல்லவில்லை, அவளுக்கு எதுவும் தெரியாது என்றால், அந்த 500 கோடிப் பேருக்கு யார் பதில் சொல்வது? அந்த இரவில் தோழர்கள் பட்ட வேதனை எதற்கு? ஒரு பத்திரிகை விற்பனைக்காக ஒரு பெண்ணின் பாவத்தையும் பிராயச்சித்தத்தையும் சேர்த்துத் திருடிவிட்டார்கள்.

தொகுப்பு என்பது இதற்குத்தான் வேண்டும். தொடருக்கு முடிவே கிடையாது, விற்கிறவரை ஓடும். அட்டை போட்டுக் கட்டிய புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அதற்கு அப்பால் எவனோ எழுதியதைக் கொண்டுவந்து இதை எடை போட நான் சம்மதிக்க மாட்டேன். என் புத்தகத்தில் ஜீன் கிரே சந்திரனில் செத்தாள்.

நண்பர் போகும்போது புத்தகத்தை இரவல் கேட்டார். கொடுத்திருக்கிறேன். ஒரு மாதமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை.